வடுவக்குடிக்கு மருதையன் அடித்த மடல்

எழுபதுகளில் திருவாரூர் பக்கம் கல்யாணம் செய்துகொண்டவர்கள் வீட்டுக்குப் போனால், சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு வாழ்த்து மடல் தொங்கும். ஐந்து கலர் இருக்கும். எழுத்துகள் நெற்கதிர் மாதிரி வளைந்து வளைந்து போகும். சட்டத்தைக் கழற்றித் தொட்டுப் பார்த்தால் விரலில் மை மேடு தட்டும். அப்படித் தட்டினால் அது மருதையன் கை வேலை. மூலையில் எங்கேயும் அவன் பெயர் இருக்காது. போடுகிற வழக்கம் அவனுக்கு இல்லை.

ஐயர் இல்லாத கல்யாணம் பெருகிய காலம் அது. மேடை போட்டு, மைக் கட்டி, தலைமை என்றும் முன்னிலை என்றும் ஆள் வைத்து, பேசி முடித்து மாலை மாற்றுவார்கள். மந்திரம் எழுந்து போன இடத்தில் தமிழ் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. மாப்பிள்ளையின் கூட்டாளிகள் எதுகை மோனையோடு ஒரு வாழ்த்து எழுதி அச்சடிப்பார்கள். ஒருவன் மேடையேறித் தொண்டை கிழிய வாசிப்பான். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு தாள், மணமக்களுக்குச் சட்டம் போட்ட தாள் ஒன்று. ஊர் பூராவுக்கும் அன்பை இப்படிக் கலர் கலராக அடித்துக் கொடுத்த மனுஷன், தன் சொந்தத் தெருவுக்கென்று அடித்தது ஒரே ஒரு மடல்தான். அதற்கு அவனுக்குக் கிடைத்ததை நினைத்தால் வயிறு எரியுமா எரியாதா?

வடுவக்குடி தெற்குத் தெருவில் பிறந்தவன் மருதையன். தெரு மொத்தமும் பண்ணை ஆட்கள். குடிசை நின்ற மண் பண்ணையுடையது, பண்ணை என்றால் மிராசுதார் குஞ்சிதபாதம். நடவுக்கும் அறுப்புக்கும் அரைப் படி நெல் கூட்டிக் கேட்டுச் சங்கம் கிளம்பியபோது ஒவ்வொரு குடிசையிலும் சிவப்புக் கொடி ஏறியது. மிராசுதார்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் ஒரு சங்கம் வைத்தார்கள், அதற்கு மஞ்சள் கொடி. சிவப்பை இறக்கி மஞ்சளை ஏற்றுகிற குடிசைக்கு வேலை உண்டு, கூரை உண்டு. ஏற்றாத குடிசையைப் பிரித்து வாய்க்காலில் போடுவோம் என்று சொல்லிப் பார்த்தார்கள். ஒரு நாள் பண்ணையின் அடியாட்கள் மஞ்சள் கொடியோடு தெருவுக்குள் வந்து, தடுத்தவர்கள் மண்டையை உடைத்து, இரண்டு குடிசையைப் பிரித்தும் காட்டினார்கள்.

மருதையனின் அப்பன் கோவிந்தராசு கோழை இல்லை. சங்க ஊர்வலத்தில் முன்வரிசையில் போனவன். ஆனால் அந்த ஐப்பசியில் அவன் பெண்டாட்டி அம்சம் நிறைமாதம். அடைமழை பிடித்துக்கொண்டது. பண்ணையின் காரியக்காரர் குடையோடு வாசலில் வந்து நின்று, "நாளைக்குள்ள மஞ்சக் கொடி ஏறலேன்னா கூரை இருக்காதுப்பா, யோசிச்சுக்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கோவிந்தராசு பெண்டாட்டியின் வயிற்றைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். பழைய வெள்ளைத் துணி ஒன்றை மஞ்சள் தண்ணீரில் முக்கி மூங்கிலில் கட்டிவிட்டான்.

கொடி நட்டும் பிள்ளை தங்கவில்லை. பிறந்த மாசமே போய்விட்டது. மஞ்சள் தண்ணீரில் முக்கிய துணி எத்தனை மழைக்குத் தாங்கும்? அதுவும் வெளுத்துப்போய், கூரை ஓரத்தில் ஒரு வெள்ளைக் கந்தலாக நனைந்து தொங்கியது. அம்சத்துக்கும் மருதையனுக்கும் கண்ணில் நின்றது அந்தக் கந்தல்தான்.

தெரு கூடிப் பேசியது. துரோகி வீட்டோடு நெருப்பு இல்லை, தண்ணீர் இல்லை, பேச்சு இல்லை. நல்லதுக்கும் போகக்கூடாது, கெட்டதுக்கும் போகக்கூடாது. இதில் கொடுமை என்னவென்றால், கொஞ்ச வருஷத்தில் சர்க்காரே சட்டம் போட்டுக் குடிசை நின்ற மண்ணைக் குடியிருந்தவர்களுக்கே சொந்தமாக்கிவிட்டது. கூரைக்குப் பயந்து கொடி மாற்றியவனுக்கும் மனை கிடைத்தது, மாற்றாதவனுக்கும் கிடைத்தது. தள்ளிவைத்தது மட்டும் தள்ளிவைத்தபடியே இருந்தது.

மருதையன் மீசை முளைக்கும் முன்பே திருவாரூருக்கு ஓடி, லியாகத் அலி பாயின் கடையில் சேர்ந்தான். பினாங்கில் பல வருஷம் இருந்து ஸ்கிரீன் பிரிண்டிங் கற்றுக்கொண்டு வந்தவர் பாய். மரச் சட்டத்தில் பட்டுத் துணியை முரசுத் தோல் மாதிரி இழுத்துக் கட்டவேண்டும். எழுத்து வருகிற இடத்தை மட்டும் விட்டு மற்றதைப் பசை பூசி அடைக்கவேண்டும். துணிக்கு அடியில் தாளை வைத்து, மேலே மையை ஊற்றி, ரப்பர் பதித்த கட்டையால் ஒரே இழுப்பு. துணி வழியாக மை இறங்கித் தாளில் உட்காரும். ஒரு கலருக்கு ஒரு சட்டம். ஐந்து கலர் என்றால் ஒரே தாளை ஐந்து தடவை, மயிரிழை நகராமல் வைத்து வைத்து எடுக்கவேண்டும்.

பாய் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: "தம்பி, மொதல்ல மஞ்சளைப் போட்டுரு. தாள் முழுக்க. அதுமேல விழுந்தாத்தான் பச்சையும் செவப்பும் எழும்பும். கல்யாண வீட்டுக்கும் மங்களமா இருக்கும்." மருதையன் அப்படியே பிடித்துக்கொண்டான். மஞ்சள் என்றால் அவனுக்கு முதல் இழுப்பு, அவ்வளவுதான். நாள் பூரா மஞ்சள் தாள் கொடிக் கயிற்றில் காய, அதற்குக் கீழே உட்கார்ந்து சோறு தின்பான்.

கோவிந்தராசு மாரடைத்துச் செத்தபோது தெருவில் ஒரு கதவு திறக்கவில்லை. பாடை கட்டி வைத்தாயிற்று. ஒரு பக்கம் மகன் தோள் கொடுப்பான். மற்றத் தோளுக்கு எங்கே போவது? பாயும் கடையில் வேலைபார்த்த யூனுசும் சேதி கேட்டு பஸ் பிடித்து வந்தார்கள். அப்படியும் ஒரு தோள் குறைந்தது. அப்போது தெருவே பார்த்துக்கொண்டிருக்க, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒருத்தன் விடுவிடுவென்று வந்தான். சாமிதுரை. மருதையனோடு வாய்க்காலில் நீந்திப் பழகியவன், ஒரே எருமையில் இரண்டு பேராய் ஏறி உதை வாங்கியவன்.

"தள்ளு மருதையா, பின்பக்கம் நான் புடிக்கிறேன்" என்றான்.

அம்சம் அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். சாமிதுரை அதற்காகச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டு வந்து மருதையனிடம், "வாய்தானே கேட்டுச்சு, போடா" என்று சிரித்தான். அன்றையிலிருந்து அம்சத்துக்கு அவன் பெற்ற பிள்ளை மாதிரி.

மகன் டவுனுக்குக் கூப்பிட்டும் அம்சம் போகவில்லை. "இங்க எம்புருசனும் எம்புள்ளையும் மண்ணுல கெடக்காங்க, நான் எங்கடா வர்றது?" என்பாள். வாய்க்காலில் அவள் குடத்தோடு இறங்கினால் பேசிக்கொண்டிருந்த பெண்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அவள் ஏறிய பிறகு மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்கும். வெளியூர் பஸ் கண்டக்டரிடம் டிக்கெட் கேட்கிற சாக்கில் ரெண்டு வார்த்தை கூடப் பேசிவிட்டு வந்து, மகனிடம் அதைப் பெரிய சேதி மாதிரி சொல்லுவாள். மனுஷிக்கு மனுஷக் குரல் இல்லாமல் போவது பசியை விட மோசம். யாரிடமாவது வாய்விட்டு நாலு வார்த்தை பேசிவிட்டுச் சாகவேண்டும் என்பது ஒன்றுதான் அவளுக்கு மிச்சமிருந்த ஆசை.

சாமிதுரைக்குக் கல்யாணம் கூடியது. பெண் வேம்பு. சங்கத் தலைவர் இராஜாங்கத்தின் மகள். சீர் வேண்டாம், செய்முறை வேண்டாம், ஒன்றே ஒன்று வேண்டும் என்று மாமனாரிடம் கேட்டான் சாமிதுரை. அம்சம் அத்தை வீட்டைத் தெருவில் திரும்பச் சேர்க்கவேண்டும். இராஜாங்கம் நாள் கணக்கில் பிடிகொடுக்காமல் இருந்துவிட்டு, கடைசியில் இறங்கிவந்தார். "கல்யாணத்துல மருதையன் மேடையேறி வாழ்த்து வாசிக்கட்டும். ஆத்தா பந்தல்ல வந்து உக்காரட்டும். அதோட பழசு முடிஞ்சுது" என்றார்.

சாமிதுரை சைக்கிளை மிதித்துக்கொண்டு கடைக்கே வந்து சொன்னான். மருதையன் மை படிந்த கையோடு அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். மாப்பிள்ளைச் சட்டையில் பச்சை மை ஒட்டிக்கொண்டது. "நாசமாப் போச்சு, இதப் போட்டுக்கிட்டுத்தான் பொண்ணு வீட்டுக்குப் போவணும்" என்று கத்தினான் சாமிதுரை. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்த மடலுக்கு மருதையன் பட்ட பாடு கொஞ்சமில்லை. பாய் நல்ல தடித்த தாளாக எடுத்துக்கொடுத்து, "இது என் மொய்" என்றார். தெருவில் எத்தனை அடுப்பு எரிகிறதோ அத்தனை தாள், மணமக்களுக்கு ஒன்று. அதற்கு மேல் ஒன்றுகூட அடிப்பதில்லை என்று வைத்துக்கொண்டான். நடுவில் மணமக்களுக்கு வாழ்த்து. சேற்றில் கால் வைத்த சாமிதுரைக்குச் சோறு கொண்டுவரும் கை வேம்புவின் கை என்று ஆரம்பித்து, ஓடம்போக்கி ஆறு வற்றினாலும் நீ எனக்குக் காட்டிய அன்பு வற்றாது நண்பா என்று முடியும். அதைச் சுற்றிலும் நாலு ஓரத்திலும் பொடி எழுத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரி. யாருடைய பெயரும் கிடையாது, செய்த நல்லது மட்டும். காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி ஊற்றிய வீட்டுக்கு என் அன்பு. முதல் முதலாக எனக்குப் பம்பரம் விடக் கற்றுக்கொடுத்த வீட்டுக்கு என் அன்பு. எங்கள் ஆட்டைத் தேடி மழையில் வந்த வீட்டுக்கு என் அன்பு. தள்ளிவைத்த வீடுகளுக்கு இவன் தேடித் தேடி நன்றி எழுதியிருக்கிறான், பாருங்கள்.

அம்சத்திடம் வாசித்துக் காட்டினான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எல்லாரையும் கேட்டேன்னு ஒரு வரி போடுடா."

"எல்லாரும் பக்கத்து வீட்டுலதானம்மா இருக்காங்க."

"இருந்தா என்னடா? கேக்கக்கூடாதா?"

போட்டான். அடித்த தாளை அவளிடம் காட்டியபோது இரண்டு கையாலும் வாங்கி, "மங்களமா இருக்குடா சாமி" என்றாள். பாயும் பார்த்தார், யூனுசும் பார்த்தான். டவுன்காரர்களுக்கு என்ன தெரியும்? கடைசிக் கலர் காய்ந்ததும் மருதையன் ஐந்து சட்டத்தையும் எழுத்து அழிய, சோடாக் காரத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டான்.

பந்தலில் செவ்வந்தி மாலையும் சிவப்புக் காகிதத் தோரணமும். பெண்கள் பக்கம் அம்சத்துக்குப் பாயில் இடம் விட்டிருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கம்மாள், "மேலுக்கு எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டாள். அம்சம் நகர்ந்து ஒட்டி உட்கார்ந்தாள். தங்கம்மாளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தடவித் தடவிக் கொடுத்தாள். மாலை மாற்றி, கைதட்டல் முடிந்தது. மைக்கில் மருதையனின் பெயரைக் கூப்பிட்டார்கள். தாள்களைச் சுருட்டிக் கட்டியிருந்த கட்டை யூனுஸ் அவிழ்த்து, வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனான்.

மருதையன் தாளைப் பார்த்தே வாசிக்க ஆரம்பித்தான். மூன்றாவது வரி முடிந்ததும், கைதட்டுவார்கள் என்று நினைத்து நிமிர்ந்தான். பந்தல் முழுக்க, ஒவ்வொரு கையிலும் மஞ்சள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மஞ்சள். பண்ணையின் அடியாட்கள் அரிவாளும் கொடியுமாகத் தெருவுக்குள் வந்த அன்று எப்படி இருந்ததோ, அச்சு அசலாக அப்படியே இருந்தது.

அவனுக்கு அந்த நிமிஷம்தான் உறைத்தது. ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டோம்! அவன் வீட்டுக் கொடி மழையில் வெளுத்துவிட்டது, தெருவின் கண்ணில் வெளுக்கவில்லை. பிரித்துப்போட்ட கூரைக்காரர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். மண்டை உடைந்தவர்கள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

யாரோ தாளைக் கசக்குகிற சத்தம் கேட்டது. இராஜாங்கம் எழுந்தார். அவருக்கு முகம் கறுத்துப் போயிருந்தது.

"எவன்டா குடுத்தனுப்புனான் இத? எம்மவ கல்யாணத்துல, எம்பந்தல்ல, வீட்டுக்கு வீடு மஞ்சக் கொடி குடுக்கச் சொல்லி எவன்டா அனுப்புனான்?"

"சித்தப்பா, சத்தியமா இல்ல சித்தப்பா. இது கல்யாண மஞ்சள். எல்லா மடலுக்கும் இதான் மொதக் கலரு. தாலிக் கயிறு மஞ்சள் இல்லையா? ஓரத்துல படிச்சுப் பாருங்க, ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதியிருக்கேன்..."

யார் படிப்பது? பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது, மீதிப் பேருக்குக் கண்ணில் கோபம். பண்ணைதான் இவனை வைத்து விளையாடுகிறது என்று ஒருத்தர் சொன்னார், அப்பன் புத்தி என்று இன்னொருத்தர் சொன்னார். தங்கம்மாள் மெதுவாகக் கையை உருவிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

இராஜாங்கம் மேடை பக்கம் திரும்பினார். "மாப்ள, நீங்க சொல்லுங்க. உங்க கூட்டாளிதானே? இவன் அறியாமச் செஞ்சானா, தெரிஞ்சு செஞ்சானா? நீங்க ஒரு வார்த்தை சொன்னா நான் உக்காந்துர்றேன்."

பந்தலே சாமிதுரையைப் பார்த்தது. அம்சம் பாயில் முழங்காலிட்டு எழுந்து, இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். சாமிதுரை பக்கத்தில் புதுப் பெண்டாட்டி. எதிரில் மாமனார். சுற்றிலும் தெரு. ஒரு தடவை மன்னிப்புக் கேட்டவன் அவன். மாலையில் ஒரு பூ கழன்று தொங்கியது. அதைப் பிய்த்தான், இன்னொன்றைப் பிய்த்தான். தலையைத் தூக்கவே இல்லை.

அம்சம்தான் முதலில் எழுந்தாள். மேடை வரைக்கும் நடந்துபோய் மகன் கையைப் பிடித்து இறக்கி, "வாடா போவலாம்" என்றாள். தாள்கள் அன்றைக்கே அடுப்புக்குப் போயின.

அதன் பிறகு மருதையன் சனிக்கிழமை தோறும் ஊருக்குப் போவான். அம்சம் மகன்மேல் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. மஞ்சளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவளுக்கு வேறு ஒன்றுதான் மனசை அரித்தது.

"சாமிதுரையுமாடா நம்புனான்?"

"அவன் நம்பமாட்டான்மா."

"அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருப்பானே. உங்கப்பனத் தூக்குன புள்ளடா அவன். நம்பித்தான் இருப்பான்."

போகிற சனிக்கிழமையெல்லாம் இதே கேள்வி, இதே பதில். சாமிதுரை வீடு கூப்பிடு தூரம். வயலுக்குப் போகும்போது அவள் வாசலைத் தாண்டித்தான் போவான், வேகமாகத் தாண்டிப் போவான். அவள் வாசலில் நின்றுகொண்டே இருப்பாள். தை பிறந்து படுத்தவள் எழுந்திருக்கவில்லை. கடைசியில் நினைவு தப்பித் தப்பி வந்தபோதும் அதையே கேட்டாள். "அவன் வந்தானாடா? என்னதான் சொன்னான்?" வந்தான் அம்மா, நம்பவில்லை என்று சொன்னான் அம்மா என்று பொய் சொல்லியிருக்கலாம். மருதையன் சொல்லவும் வாயெடுத்தான். அதற்குள் அவள் கண் நிலைகுத்திவிட்டது.

பாயும் யூனுசும் பாயின் இரண்டு மச்சான்களும் வந்து தூக்கினார்கள். சாமிதுரை வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

அப்புறம் காலம் ஓடியது. பண்ணைக் குடும்பம் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றுவிட்டு மெட்ராசுக்குப் போயிற்று. வாங்கியவர்களில் தெற்குத் தெரு ஆட்களும் உண்டு. மஞ்சள் கொடி என்றால் என்னவென்று கேட்கிற பிள்ளைகள் வளர்ந்து ஆளாகிவிட்டார்கள். இராஜாங்கம் காலமாகிவிட்டார். பாய் கடையை மருதையனிடமே விட்டுவிட்டு நாகூரில் மகள் வீட்டோடு போய் இருந்தார். மருதையன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பந்தல் போட்ட தெரு என்றால் சுற்றிக்கொண்டு போவான். ஆனால் மடல் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தான். அடுத்தவர் பிள்ளைகளுக்கு அவ்வளவு அன்பை எங்கிருந்துதான் எழுதினானோ.

ஒரு பங்குனி மத்தியானம், நரைத்த மீசையோடு ஓர் ஆள் கடைப் படியேறினார். மருதையன் ரப்பர் கட்டையைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான், துடைப்பதை நிறுத்தவில்லை.

"மகளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன் மருதையா" என்றான் சாமிதுரை. "நம்ம தெருப் பசங்க, வாழ்த்து மடல்னா உன்கிட்டதான் அடிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறானுவ. அவனுங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

மருதையன் ஸ்டூலைத் தள்ளிப் போட்டான். சாமிதுரை உட்காரவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த தாள்களையே பார்த்துக்கொண்டு நின்றான். திடீரென்று அவன் உதடு கோணிக்கொண்டது.

"நீ வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியும்டா. அன்னைக்கே தெரியும். நீ தாளை எடுத்து விரிச்சப்பவே தெரியும். மாமனார் முன்னாடி வாய் வரல. அப்புறம் நாளாக நாளாக, எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர்றதுன்னு இருந்துட்டேன். நான் ஒரு நாள்கூட உன்னச் சந்தேகப்பட்டதில்ல மருதையா. இத உன்கிட்டச் சொல்லாம நான் செத்துப்போயிருவேனோன்னு பயமா இருந்துச்சு."

மருதையன் ரப்பர் கட்டையைக் கீழே வைத்தான். கையைத் துணியில் துடைத்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது, குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"எனக்குத் தெரியும்டா. எனக்கு எப்பவுமே தெரியும். என்கிட்ட எதுக்குச் சொல்றே? எங்கம்மாதான் கேட்டுக்கிட்டே கெடந்துச்சு, சாகுற வரைக்கும் கேட்டுச்சு. இப்பவும் நம்ம ஊரு மயானத்துல, எங்கப்பன் பக்கத்துலதான் கெடக்கு. நீ வயலுக்குப் போற வழிதானே சாமிதுரை. நாளைக்குப் போறப்ப நின்னு அதுகிட்டச் சொல்லிட்டுப் போ."